தண்ணி பொழங்குற வூடு

எங்கள் ஊருக்கு இந்த நர்ஸம்மாவுக்கு முன்பும் ஒரு நர்ஸ் இருந்ததாகச் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. ரிஜிஸ்டரில் மட்டும் வந்து போயிருப்பார் போல. ஜவ்வாது மலையில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் ஏறி நடந்தால்தான் எங்கள் ஊர், மொத்தம் இருபத்தாறு வீடு. சுற்றி வரும் மண்பாதையில் பைக் மட்டும் ஏறும். அந்த ஏற்றத்துக்குப் பயந்தே பாதி ஆபீஸ்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. இந்த நர்ஸம்மா ஏறி வந்தார். கீழே ஒடுகத்தூரில் வீடு, முஸ்லிம், நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டி, கையில் ஒரு துணிப்பை, முக்காட்டின் மேல் வெயிலுக்கு ஒரு துண்டு. மூச்சு வாங்க வந்து முதல் வீட்டு வாசலில் நின்று அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அது எங்கள் வீடு.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்கம்மா."

என் பெண்டாட்டி கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து குடித்தார். அடுத்த வீட்டிலும் போய் அதையே கேட்டார். அதற்கடுத்த வீட்டிலும் கேட்டார். பதினோராவது வீட்டில் அவர் குடிப்பதைப் பார்த்தபோது, இந்தம்மாவுக்கு சக்கரை வியாதி போலிருக்கு என்று வீட்டில் சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் தண்ணி. குடித்துவிட்டால் அந்த வீட்டோடு தண்ணி பொழங்குகிறவர் என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு வாய்ச்சண்டை வந்தாலும் கை நீளாது. குடிக்காவிட்டால் மனதில் எதையோ வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். என் மாமனும் அவருடைய பக்கத்து நிலத்துக்காரரும் வரப்புத் தகராறில் ஒன்பது வருஷம் தண்ணி பொழங்காமல் இருந்தார்கள். கல்யாணத்துக்கு வருவார்கள், சாவுக்கு வருவார்கள், சொம்பை மட்டும் தொடமாட்டார்கள். இதை நர்ஸம்மாவுக்கு யார் சொன்னது என்று தெரியாது. வந்த முதல் நாளே தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்.

அவருக்கு எதையும் வேண்டாம் என்று சொல்ல வராது. ஒரு கை சாமை கொடுத்தாலும் பை நீளும். பூச்சி அடித்த கொய்யாவும் அதே பைக்குள் போகும். ஊர்த் திருவிழாவில் அம்மனுக்கு வைத்த பொங்கலை இலையில் போட்டு நீட்டினார்கள். எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தோம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கீழே இறங்கும்போது அதை பஸ் டிரைவருக்குக் கொடுப்பதை நான் பார்த்துவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அடுத்த வாரம் கேட்டே விட்டேன். அவர் சிரித்தார்.

"வாங்கறது கையோட வேல தம்பி. துன்றது வாயோட வேல. ரெண்டையும் ஏன் குழப்பிக்கற?"

ஒரே ஒரு தடவை வாங்கவில்லை. மேல்வீட்டுத் தாத்தா ஆசையாகக் காட்டுப்பன்றிக் கறியைத் தேக்கு இலையில் மடித்து வந்து கொடுத்தார். பாவம், அவருக்குத் தெரியாது. கூட இருந்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் தாத்தாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தார். நர்ஸம்மா முகம் சுளிக்கவில்லை. இது எங்களுக்கு ஆவாது, அதுக்காக வெறுங்கையோட அனுப்பிடாதீங்க என்றார். தாத்தா தலையைச் சொறிந்துகொண்டு போய் நான்கு எலுமிச்சம்பழம் பறித்து வந்தார். அன்றைக்கு ஊரே சிரித்தது.

திட்டையும் அப்படித்தான் வாங்குவார். குடித்துவிட்டு ஒருவன் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான். கேட்டு முடிக்கும்வரை நின்றார். "சரி, வாங்கிக்கினேன். இப்ப புள்ளைய இட்டா, ஊசி போடணும்" என்றார். அவன் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தான்.

இந்தக் குணத்தை நாங்கள் எல்லோரும் ரசித்தோம். இதுவே அவரை ஒரு நாள் நடு ஊரில் உட்கார வைக்கும் என்று யாருக்குத் தெரியும். அப்படி உட்கார வைத்தது நான் என்பதுதான் விஷயம்.

அவர் வர ஆரம்பித்து எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். புளி அடிக்கும் காலம். எல்லா வாசலிலும் புளி காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு வீட்டை ஒட்டியே பெட்டிக்கடை. டவர் கிடைக்கும் ஒரே இடம் கடைக்குப் பின்னால் இருக்கும் பாறைதான். அதனால் வெளி உலகச் சேதி எல்லாம் என் மூலமாகத்தான் ஊருக்குள் வரவேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர். ஊரில் இருக்கிறவர்களும் கீழே வேலைக்குப் போனவர்களும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். காலையில் சாமி படம், சாயங்காலம் புளி விலை, நடுவில் வெட்டிப் பேச்சு.

அந்த மாதம் நர்ஸம்மா ஒன்றைப் புதிதாகச் செய்ய ஆரம்பித்தார். வழக்கம்போலத் தண்ணி கேட்பார், சொம்பை வாங்குவார், ஆனால் குடிக்கமாட்டார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அதில் ஊற்றிக்கொண்டு, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எல்லா வீட்டிலும் அப்படியே. முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் பெண்கள் குசுகுசுத்தார்கள். மூன்றாவது வாரம், ஊசி போடும் புதன்கிழமை, எங்கள் வாசலில் அவர் பாட்டிலில் ஊற்றும்போது நான் போனைத் தூக்கி வீடியோ எடுத்தேன். பாறையில் உட்கார்ந்து ஒரு வரி எழுதி குரூப்பில் போட்டேன். 'இந்தம்மா ஏன் ஊட்டூட்டுக்கு தண்ணி புடிச்சினு போறாங்க?' அவ்வளவுதான். சத்தியமாக வேடிக்கைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் காலையில் அதே வீடியோ வேறு ஏதோ குரூப் வழியாக என் போனுக்கே திரும்பி வந்தது. இப்போது அதில் ஒரு ஆண் குரல் சேர்ந்திருந்தது. முகம் தெரியாத குரல், ரொம்ப அக்கறையாகப் பேசியது. மலைச் சனங்களே உஷார், அவங்க ஆளுங்க உங்க வீட்டுத் தண்ணியை மந்திரிக்கக் கொண்டுபோகிறார்கள், ஊசியிலும் எதையோ கலக்கிறார்கள், இனிமேல் உங்கள் பெண்களுக்குப் பிள்ளை தங்காது என்றது. அழித்துவிடலாம் என்று பார்த்தால், என் கையில் இருந்தது ஒன்று, ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது எத்தனையோ.

அந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும். முதல் நாள் ஊசி போட்ட குழந்தைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், வந்தால் கொடுங்கள் என்று நர்ஸம்மாவே மருந்துப் புட்டி கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். ஆனால் குழந்தையின் பெரியப்பன் காலையிலேயே வீடியோவைப் பார்த்துவிட்டு, புட்டியைத் தூக்கிப் புதரில் எறிந்திருந்தான். குழந்தை மதியத்துக்குள் அனலாகிவிட்டது.

ஊசி போட்ட மறுநாளும் வந்து பிள்ளைகளைப் பார்ப்பது அந்தம்மாவின் வழக்கம். மூன்றரை மணிக்கு ஏறி வந்தார். எங்கள் வீட்டில் தண்ணி கேட்டார். என் பெண்டாட்டி என் முகத்தைப் பார்த்தாள். நான் கடையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அவள் கொடுத்தாள். அடுத்த இரண்டு வீட்டிலும் பேசாமல் கொடுத்தார்கள். நான்காவது, குழந்தை காய்ச்சலில் கிடந்த வீடு. அங்கே பெரியப்பன் வழிமறித்தான். ஐந்து நிமிஷத்தில் ஊரே கூடிவிட்டது.

அங்கன்வாடிப் படிக்கட்டில் அவரை உட்கார வைத்தார்கள். பையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பாட்டிலை எடுத்து அவருக்கு எதிரில் தரையில் வைத்தார்கள். மூன்று வீட்டுத் தண்ணி, கால் பாட்டில் இருந்தது. முதலில் பேசியது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். கோபத்தில் இல்லை, பயத்தில் பேசினாள்.

"நான் குடுத்த தண்ணிய திருப்பிக் குடுத்துடும்மா, உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"அது எதுன்னு எப்டிம்மா பிரிக்கறது?" என்றார் நர்ஸம்மா. உண்மையிலேயே வழி தெரியாமல்தான் சொன்னார். "எல்லாம் ஒண்ணாப் போச்சே."

பெரியப்பன் கையில் புளி அடிக்கும் கோல் இருந்தது. அதால் பாட்டிலைத் தட்டிக் காட்டினான். "இதுல ஒண்ணும் இல்லன்னா இப்ப எங்க எதிர்ல குடி."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு இருவத்தேழுக்குக் குடிக்கறேன்" என்றார். "நோம்பு வச்சிக்கினு கீறேன்."

நோன்பு என்பது எங்களுக்குத் தெரியாத விஷயமா? நாங்களும்தான் ஒருசந்தி இருக்கிறோம். புரட்டாசி முழுக்க ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனால் தண்ணிக்குத் தடை கிடையாது. தாகத்துக்குக் குடிப்போம், நீர்மோர் குடிப்போம். தண்ணி கூடக் குடிக்காத ஒருசந்தியை எங்கள் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால் அவர் சொன்ன உண்மையே அவருக்கு எதிராகப் போய்விட்டது. குழந்தையின் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வெயில்ல மலை ஏறி வந்து ஒரு வாய் தண்ணி குடிக்காத இருக்க முடியுமா, பொய் சொல்றா, குடிக்கப் பயப்படறா என்றாள். கூட்டத்துக்கும் அது நியாயமாகப் பட்டது.

எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். ஒடுகத்தூருக்குப் புளி ஏற்றிப் போகிறவன் நான். ரம்ஜான் மாதத்தில் புளி மண்டி வைத்திருக்கும் பாய் எச்சில்கூட விழுங்காமல் துப்பிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மூன்று வாரமாக ஏன் அது என் மண்டையில் உறைக்கவில்லை என்று கேட்காதீர்கள். பாட்டிலும் நோன்பும் அந்த நிமிஷம்தான் எனக்குள் ஒன்றாகச் சேர்ந்தது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்போ ஏன்டா வீடியோ போட்டே என்று கோல் என் பக்கம் திரும்பும். நான் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டார். சரி, ஆறு இருபத்தேழு வரைக்கும் பார்ப்போம், குடிக்கவில்லை என்றால் அப்புறம் பேசிக்கொள்வோம் என்றார். அந்த 'அப்புறம்' என்ன என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அவர் இன்னொன்று கேட்டார்.

"இந்த வீடியோவ எடுத்தது யாரு?"

குரூப்பில் நான் போட்டதைப் பார்த்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். என் பெண்டாட்டி தரையைப் பார்த்தாள். நர்ஸம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சும்மா பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்.

"மூஞ்சி பாக்கலிங்க" என்றார். "எந்த வூடுன்னும் நெனப்பு இல்ல."

அப்போது மணி ஐந்து. படிக்கட்டில் வெயில் நேராக அடித்தது. அவர் உதடு வெடித்துப் போயிருந்தது. நடுநடுவே ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். புள்ளைக்கு ஈரத்துணி போட்டீங்களா, போர்த்தி வக்காதீங்க, அந்தப் பையோட அடியில இன்னொரு புட்டி கீது, எனுக்கு எதுவும் வேணாம், அத எடுத்துப் புள்ளைக்குக் குடுங்க. பெரியப்பன் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குள்ளிருந்து குழந்தையின் முனகல் கேட்டது. அப்புறம் அதுவும் குறைந்தது. அது குறைந்ததுதான் எல்லோரையும் இன்னும் பயமுறுத்தியது. பின்னாலிருந்து ஒருவன் போனைத் தூக்கி எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஒன்றரை மணி நேரம் ஒரு பாட்டிலைப் பார்த்துக்கொண்டு ஒரு ஊர் நின்றது. நானும் என் போனில் நிமிஷத்தை எண்ணிக்கொண்டு நின்றேன்.

ஆறு மணிக்கு மலையடியில் கடைசி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போவது கேட்டது. ஆறு இருபத்தேழு ஆனது. அவர் பாட்டிலை எடுத்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். "மந்திரம் சொல்றா" என்று ஒரு குரல் கத்தியது, பெரியப்பன் கோலை ஓங்கியபடி ஒரு அடி முன்னால் வந்தான். ஊர்க்கவுண்டர் கையை நீட்டித் தடுத்தார். நர்ஸம்மா கண் திறந்தார். குடித்தார். அண்ணாந்து இல்லை, பாட்டிலில் வாய் வைத்து, மடக் மடக்கென்று, தாடையில் வழிய வழிய, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். தாகம் எடுத்தவர் குடிப்பது யாருக்கும் தெரியும். அதில் பொய் சொல்ல முடியாது. கூட்டம் அதைப் பார்த்துத்தான் அடங்கியது.

"சொல்லிட்டுச் செய்யக் கூடாதாம்மா?" என்றார் ஊர்க்கவுண்டர். அவர் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"நோம்புன்னு சொன்னா, பாவம், குடிக்க முடியாதேன்னு தண்ணி குடுக்க மாட்டீங்க. தண்ணி வாங்காத வூட்டுல எந்த மூஞ்சிய வச்சினு புள்ளைய குடுன்னு கேக்கறது? பொழுது சாஞ்சதும் பஸ்ல இதத்தான் தெனம் குடிக்கறேன்." வாயைத் துடைத்துக்கொண்டார். "பேச்சு அப்புறம். புள்ளைய இட்டாங்க."

குழந்தையின் அம்மா ஓடிப்போய்த் தூக்கி வந்து அவர் மடியில் போட்டாள். பையைப் பெரியப்பன் தானாகவே கொண்டுவந்து வைத்தான். மருந்து கொடுத்து, துணி நனைத்துத் துடைத்து, அரை மணி நேரத்தில் குழந்தை கண் விழித்துச் சிணுங்கியது. அந்த அம்மா நர்ஸம்மாவின் காலைப் பிடிக்கப் போனாள். அவர் காலை இழுத்துக்கொண்டு, காலையில இன்னொரு வேள மருந்து குடுக்கணும், மறந்துடாத என்றார்.

பஸ் இல்லை. யார் கொண்டுபோய் விடுவது என்று பேச்சு வந்தது. நர்ஸம்மா கையை நீட்டி, "இந்தத் தம்பி இட்டுனு போவட்டும்" என்றார். என்னைத்தான்.

என் பைக்கில் முக்கால் மணி நேரம் மலை வளைவுகளில் இறங்கினோம். எங்களுக்கு நடுவில் நீலப் பெட்டி. இப்போது கேட்பார், இந்த வளைவில் கேட்பார் என்று என் முதுகு கூசிக்கொண்டே வந்தது. பள்ளம் பாத்துப் போ தம்பி என்பதைத் தவிர அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒடுகத்தூரில் அவர் தெருவுக்குள் திரும்பியதும் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. தெரு நிறைய ஆட்கள். எங்கள் ஊரில் பின்னாலிருந்து எடுத்தானே, அந்த வீடியோ எங்களுக்கு முன்னால் கீழே இறங்கிவிட்டிருந்தது. அதிலும் ஒரு குரல் சேர்ந்திருக்கும் போல. இளவட்டங்கள் பத்துப் பதினைந்து பேர் வண்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். நர்ஸம்மாவின் வீட்டுக்காரர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தார். ஒருவன் என் வண்டிச் சாவியை உருவினான். எல்லோரும் உருதுவில் பேசினார்கள். எனக்கு உருது தெரியாது. 'வீடியோ' என்ற ஒரு வார்த்தை மட்டும் புரிந்தது. அது திரும்பத் திரும்ப வந்தது. ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். சாயங்காலம் அந்தப் படிக்கட்டில் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நர்ஸம்மா அவன் கையை எடுத்துவிட்டார். அவர்களிடம் ஏதோ சொன்னார். பிறகு எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலும் சொன்னார்.

"இது நம்ம தண்ணி பொழங்குற வூட்டு ஆளு."

எங்கள் ஊர் வார்த்தை. அந்தத் தெருவில் யாருக்கும் அதன் அர்த்தம் தெரிந்திருக்காது. அவர் உள்ளே போனார். கூட்டம் என்னைச் சுற்றி அப்படியே நின்றது. ஒரு சொம்பு நிறையத் தண்ணியோடு வெளியே வந்து, எல்லோர் எதிரிலும் என்னிடம் நீட்டினார்.

"குடி."

வாங்கினேன். அவசரமாகத் தூக்கியதில் பாதி சட்டையில் கொட்டியது. மீதியைக் குடித்தேன். குடித்த பிறகு மறைக்க முடியவில்லை. சுற்றி நிற்பவர்களுக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்று தெரிந்தும் சொன்னேன்.

"அந்த மொத வீடியோவ எடுத்தது நான்தாம்மா."

யாரோ ஒருவன் முன்னால் வந்தான். நர்ஸம்மா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் முன்னால் கையை நீட்டினார்.

"தெரியும்" என்றார். "சொம்பக் குடு, இன்னும் கொஞ்சம் கொண்டாறேன். பாதி கொட்டிட்ட."